டேங்க்கிலிருந்து எஞ்சின் வரை: ஒரு பழைய ஜீப்பின் எரிபொருள் வரலாறு

தென்காசிப் பக்கம் ஏதாவது ஒரு பழைய ஒர்க்‌ஷாப்பில் பெட்ரோல் ஜீப்பைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தால், ஐந்து நிமிடத்துக்குள் ‘ஏ.சி. பம்ப்’ என்ற சொல் வந்துவிடும். கதவே இல்லாத வண்டியில் ஏ.சி. எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தோன்றும். குளிர்சாதனத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எஞ்சினின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு, டேங்க்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி கார்ப்பரேட்டருக்குத் தள்ளும் சின்ன பம்ப் அது. ஏ.சி. என்பது ஒரு மனிதரின் இனிஷியல். ஆல்பர்ட் சாம்பியன் என்ற பாரிஸ்காரர். 1899இல் பாரிஸ்–ரூபே சைக்கிள் பந்தயத்தில் வென்றவர். பிறகு அமெரிக்காவுக்குப் போய் ஸ்பார்க் பிளக் செய்யும் கம்பெனி தொடங்கினார். அது ஜெனரல் மோட்டார்ஸின் பகுதியாகி, அவர் பெயரின் முதலெழுத்துகளையே பிராண்டாக வைத்துக்கொண்டது. அந்தப் பிராண்டு பம்ப் ராணுவ ஜீப்பில் ஏறியது. ஜீப் இந்தியா வந்தது. 1927இல் செத்துப்போன ஒரு சைக்கிள் வீரர், மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்து கிரீஸ் படிந்த கைகளுக்கு நடுவே இன்றும் பெயராக உயிரோடு இருக்கிறார்.

ஜீப்பில் டேங்க்கிலிருந்து எஞ்சின் வரை எரிபொருள் போகும் தூரம் இரண்டு மூன்று மீட்டர் இருக்கும். அந்தத் தூரத்துக்குள் வரும் கோளாறுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தால், இந்த நாட்டில் எரிபொருளுக்கு என்னென்ன நடந்தது என்பதும் அதே வரிசையில் வந்துவிடுகிறது. யுத்தம், மானியம், கலப்படம், எண்ணெய் நெருக்கடி, இப்போது எத்தனால். எல்லாமே கடைசியில் ஒரு குழாய்க்குள் வந்துதான் அடைத்துக்கொள்கின்றன.

மட்டமான பெட்ரோலுக்குப் பிறந்த வண்டி

1940 கோடையில் அமெரிக்க ராணுவம் நூற்று முப்பத்தைந்து கம்பெனிகளுக்குக் கடிதம் எழுதியது. நான்கு சக்கரமும் இழுக்கும் சிறிய வண்டி ஒன்று வேண்டும், 49 நாளில் மாதிரி காட்ட வேண்டும். சொன்ன நேரத்தில் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியது பேண்டம் என்ற சின்ன கம்பெனி. ஆனால் பெரிய ஆர்டர் வில்லிஸுக்குப் போனது. காரணம் வில்லிஸ் வைத்திருந்த 60 குதிரைத்திறன் எஞ்சின். அதை அந்த அளவுக்குத் தேற்றியவர் பார்னி ரூஸ் என்ற எஞ்சினியர். யுத்தம் முடிவதற்குள் வில்லிஸும் ஃபோர்டுமாகச் சேர்ந்து ஆறு லட்சத்துக்கு மேல் ஜீப் செய்து தள்ளின.

அந்த எஞ்சினின் அழுத்த விகிதம் 6.48. இன்றைய பெட்ரோல் கார்களில் இது பத்தைத் தாண்டும். அழுத்தம் குறைந்தால் திறனும் குறையும். ஆனால் தரம் குறைந்த பெட்ரோலிலும் எஞ்சின் தட்டாமல் ஓடும். போர்முனையில் எந்த டின்னில் என்ன பெட்ரோல் கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் சுமாரான எரிபொருளையும் சகித்துக்கொள்ளும்படி அதைச் செய்தார்கள். டேங்க்கை ஓட்டுநர் சீட்டுக்கு அடியிலேயே வைத்தார்கள். குழாய் நீளம் குறைவு. (ஓட்டுநர் பெட்ரோல் மேல்தான் உட்கார்ந்திருக்கிறார் என்பது வேறு விஷயம்.)

வாஷிங்டனில் இந்தியாவுக்கான கொள்முதல் குழுவின் தலைவராக இருந்த கே.சி. மஹிந்திரா அங்கே பார்னி ரூஸைச் சந்தித்தார். ஊர் திரும்பியதும் 1945இல் அண்ணன் ஜே.சி. மஹிந்திரா, மாலிக் குலாம் முகமது இருவரோடும் ‘மஹிந்திரா அண்ட் முகமது’ உருவானது. பிரிவினைக்குப் பிறகு குலாம் முகமது பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சராகிவிட, 1948இல் கம்பெனி ‘மஹிந்திரா அண்ட் மஹிந்திரா’ ஆனது. பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கி, பிறகு இங்கேயே தயாரித்தார்கள். நம்மூரில் அதிகம் பார்த்த உயரமான பானட் வைத்த ஜீப், சி.ஜே. 3பி. உள்ளே புது எஞ்சின். இன்டேக் வால்வு மேலே வந்துவிட்டதால் எஞ்சின் உயரம் கூடியது, பானட்டும் கூடியது. அழகுக்காகச் செய்ததில்லை.

1952 அக்டோபர் 2 அன்று சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. அதோடு கிராமத்துக்கு ‘பி.டி.ஓ. ஜீப்’ வந்தது. அரசாங்கம் என்ற ஒன்று இருக்கிறது என்பதற்குப் பல ஊர்களில் அந்தப் புழுதிதான் சாட்சி. அரசு கழித்துக்கட்டி ஏலம் விட்ட ஜீப்புகள் எஸ்டேட்டுகளுக்கும் மலையடிவாரத் தோட்டங்களுக்கும் வந்து சேர்ந்தன. அவற்றை ஓடவைக்க வேண்டியது உள்ளூர் மெக்கானிக்கின் பாடு.

சாரலும் இருமலும்

குற்றாலத்தில் சீசன் என்றால் ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை. செங்கோட்டைக்கு மேற்கே மலைத்தொடரில் ஓர் இடைவெளி இருக்கிறது. 1904இல் கொல்லம் ரயில் வந்ததும், இன்றைக்கு லாரிகள் புளியரை தாண்டி எஸ் வளைவு ஏறி ஆரியங்காவு போவதும் அதன் வழியாகத்தான். தென்மேற்குப் பருவக்காற்றும் அதே வழியாகத்தான் இந்தப் பக்கம் வருகிறது. கேரளாவில் மழையைக் கொட்டிவிட்டு, மிச்சத்தைச் சாரலாகத் தென்காசி மேல் தூவுகிறது. வெயிலும் ஈரமும் ஒரே நாளில் மாறி மாறி வரும். மனிதர்களுக்கு அருமையான சீதோஷ்ணம். பழைய ஜீப்புக்கு அப்படிச் சொல்ல முடியாது.

சாரலில் பெட்ரோல் ஜீப் நின்றால் முதல் கேள்வி, இது பெட்ரோலா கரண்ட்டா? டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம் இறங்கினாலும் வண்டி நிற்கும், பெட்ரோலில் தண்ணீர் கலந்தாலும் நிற்கும். மெக்கானிக்குகள் கையில் இதற்கு ஒரு சூத்திரம் உண்டு: “கரண்ட்டுன்னா பட்டுன்னு நிக்கும். பெட்ரோலுன்னா இருமி இருமி நிக்கும்.” இதற்குப் பின்னால் சரியான பௌதிகம் இருக்கிறது. மின்சாரம் போனால் அந்தக் கணமே போய்விடும். எரிபொருள் தடைபட்டாலோ, கார்ப்பரேட்டர் கிண்ணத்தில் மிச்சம் இருப்பது தீரும்வரை எஞ்சின் இழுத்துப் பார்க்கும். அந்த இழுபறிதான் இருமல். சூத்திரம் எப்போதும் பலிக்காது. ஆனால் எங்கே முதலில் கை வைக்க வேண்டும் என்று சொல்லிவிடும்.

அடுத்த சந்தேகம் மூடி. டேங்க் மூடியில் காற்று போகச் சிறு துளை இருக்கும். உள்ளே இருக்கும் பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். சேறு அடைத்துவிட்டால் வராது. வண்டி இருபது நிமிஷம் நன்றாக ஓடும், பிறகு தாகம் எடுத்த மாதிரி தளர்ந்து நிற்கும். கொஞ்ச நேரம் விட்டால் மறுபடி ஓடும். மூடியைத் திறக்கும்போது ‘புஸ்’ என்று சத்தம் கேட்டால் கோளாறு அங்கேயே பிடிபட்டது. செலவு ஒரு ஊசி.

மூன்றாவது கோளாறு வெயில் காலத்துக்கானது. மலை ஏறும்போது எஞ்சின் சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிடும். ஏ.சி. பம்ப் திரவத்தைத் தள்ளத்தான் செய்யப்பட்டது. ஆவியைப் பிடித்துத் தள்ள அதனால் முடியாது. ஈரத்துணியைப் பம்ப் மேல் சுற்றினால் ஆவி மறுபடி பெட்ரோலாகும், வண்டி கிளம்பும். நோயாளி நெற்றியில் போடும் ஈரத்துணி மாதிரியே இருக்கும், வேலையும் அதேதான்.

அந்தக் கால ஏ.சி. பம்புகள் பலவற்றில் கீழே ஒரு கண்ணாடிக் கிண்ணம் தொங்கும். தண்ணீர் பெட்ரோலைவிடக் கனம் என்பதால் அடியில் முத்து முத்தாக உருண்டு நிற்கும், துருத்தூளும் தெரியும். பார்த்தாலே போதும். கோளாறு வரும் என்று ஒத்துக்கொண்டு, அது வரும்போது கண்ணுக்குத் தெரியட்டும் என்று ஜன்னல் வைத்த டிசைன் அது. சாஃப்ட்வேர் எழுதிப் பிழைக்கும் எனக்கு இந்தக் கிண்ணத்தைப் பார்த்தால் மரியாதை வருகிறது.

நீலநிற மண்ணெண்ணெய்

மட்டமான பெட்ரோலையும் சகிக்கும் எஞ்சின் என்றால், மனிதர்கள் சோதித்துப் பார்க்காமல் விடுவார்களா? ரேஷனில் மண்ணெண்ணெய் மானிய விலையில் கிடைத்தது; பங்க்கில் பெட்ரோல், டீசல் விலை அதற்குப் பல மடங்காக இருந்தது. ஏழை வீட்டு அடுப்புக்கான எண்ணெய் இரவோடிரவாகப் பங்க் டேங்க்கில் இறங்கும் வணிகம் இந்த வித்தியாசத்தில் பிறந்தது. ரேஷன் மண்ணெண்ணெய்க்கு அரசு நீலச்சாயம் கலந்தும் அது நிற்கவில்லை. 2005 நவம்பர் 19 அன்று உத்தரப் பிரதேசத்தின் லக்கீம்பூர் கேரியில், கலப்படப் பங்க்குக்கு எதிராக நடவடிக்கை எடுத்த இந்தியன் ஆயில் அதிகாரி மஞ்சுநாத் சண்முகம் சுட்டுக்கொல்லப்பட்டார். கோலார் தங்கவயலில் வளர்ந்தவர், வயது 27. எரிபொருள் கோளாறு என்று நாம் சாதாரணமாகச் சொல்வதன் மறுமுனையில் இப்படி ஒரு மரணமும் இருக்கிறது.

அதே மண்ணெண்ணெய் வேறொரு இடத்தில் உயிர் காத்தது. 1990இல் யுத்தம் மறுபடி வெடித்த பிறகு யாழ்ப்பாணத்துக்குப் பெட்ரோல் போவதை இலங்கை அரசு தடுத்தது. அங்கே மொறிஸ் மைனர், ஒஸ்ரின் போன்ற பழைய கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது. ஆகவே முதலில் ஒரு சிறங்கை பெட்ரோல் கொடுத்து ஸ்டார்ட் செய்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி எஞ்சின் ஆயிலை நீர்க்கச் செய்யும், புகை கண்ணைக் கரிக்கும், எஞ்சின் தட்டும். ஆனாலும் ஓடும். குறைந்த அழுத்த விகிதம் கொண்ட பழைய எஞ்சின் என்பதால்தான் அது நடந்தது. போர்முனைக்காக ஜீப்பில் வைத்த அதே சகிப்புத்தன்மை, முற்றுகைக்குள் இருந்த ஒரு சமூகத்துக்கு ஆஸ்பத்திரி போகவும் பிணம் தூக்கவும் உதவியது.

ஜீப் டீசல் குடிக்கத் தொடங்கியது

1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய்த் தடை விதித்தன. அடுத்த சில மாதங்களில் கச்சா எண்ணெய் விலை ஏறக்குறைய நான்கு மடங்கானது. இந்தியாவில் பெட்ரோல் விலை எகிறியது. லாரி, பஸ், பம்ப்செட் எல்லாம் டீசலில் ஓடியதால் டீசல் விலையை அரசு தாழ்த்தியே வைத்திருந்தது. பெட்ரோல் ஜீப் திடீரென்று பணக்காரனின் வண்டியாகிவிட்டது. மஹிந்திராவின் பதில் டீசல் எஞ்சின். முதலில் தன்னுடைய டிராக்டர் எஞ்சினிலிருந்து பிறந்த ஒன்றைப் பொருத்திப் பார்த்தது. 1980களில் பிரான்சின் பூஜோவிடம் உரிமம் வாங்கி, 2,112 சி.சி. கொண்ட எக்ஸ்.டி.பி. 4.90 எஞ்சினை மஹாராஷ்டிராவில் தயாரித்து எம்.எம். 540இல் வைத்தது. இன்றும் மலையடிவாரங்களில் ‘பூஜோ இன்ஜின் ஜீப்பா?’ என்று ஒரு மரியாதையோடு கேட்பார்கள். போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் விடிகாலையில் இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் பெண்களைத் திணித்துக்கொண்டு ஏறும் ஜீப்புகளின் கதை இந்த டீசல் யுகத்தின் கதைதான்.

டீசலுக்கு ஸ்பார்க் பிளக் இல்லை. காற்றை இருபது மடங்குக்கும் மேல் அழுத்தி, அது பழுக்கச் சூடானதும் டீசலைப் பனிபோலப் பீய்ச்சினால் தானாகப் பற்றும். பீய்ச்சுவது நாசில், அதற்கு அழுத்தம் தருவது பம்ப். 1951இல் தொடங்கிய மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி என்ற பாஷ் நிறுவனத்தின் சுருக்கப் பெயர் மைக்கோ. கம்பெனியே 2008இல் பாஷ் என்று பெயர் மாற்றிக்கொண்டுவிட்டது. ஒர்க்‌ஷாப்பில் இன்னும் பம்ப் என்றால் மைக்கோதான். சாம்பியனுக்குப் பிறகு இரண்டாவது பெயர்.

கேன் சோதனை

டீசல் ஜீப் காலையில் கிளம்பவில்லை. குற்றாலத்துக் குளிரில் முதலில் பார்க்க வேண்டியது ஹீட்டர் பிளக். சாவியை ஹீட்டரில் பிடித்துக் காத்திருந்தும் வெள்ளைப் புகை மட்டும் வந்து எஞ்சின் பிடிக்கவில்லை என்றால், டீசல் வருகிறது, சூடுதான் போதவில்லை. புகையே வரவில்லை என்றால் டீசலே போய்ச் சேரவில்லை. அங்கிருந்துதான் எரிபொருள் வேட்டை ஆரம்பம்.

டீசலின் நிரந்தர எதிரி காற்று. டீசலை அழுத்தினால் சுருங்காது, அழுத்தம் அப்படியே நாசிலுக்குப் போய்ச் சேரும். நடுவில் ஒரு குமிழி இருந்தால் பம்பின் உழைப்பெல்லாம் அந்தக் குமிழியைச் சுருக்குவதிலேயே போய்விடும், நாசில் திறக்காது. “ஏர் புடிச்சிருச்சு” என்பது இதைத்தான். ஃபில்டர் தலையில் இருக்கும் திருகாணியைத் தளர்த்தி, ஹேண்ட் பம்பை அமுக்கிக்கொண்டே இருந்தால் நுரை வரும், பிறகு சுத்தமான டீசல் வரும். அடுத்து பம்பில், கடைசியாக நாசில் நட்டுகளில். டேங்க் பக்கமிருந்து எஞ்சின் நோக்கித்தான் வர வேண்டும். வரிசை மாறினால் பின்னால் நிற்கும் குமிழி மறுபடி முன்னால் வந்துவிடும்.

காற்றை எடுத்துவிடலாம். எங்கே நுழைந்தது? இங்கேதான் கற்றுக்குட்டி ஏமாறுவான். டீசல் சொட்டும் இடத்தைத் தேடுவான். ஆனால் டேங்க்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவில் இருப்பது உறிஞ்சும் பக்கம். அங்கே ஓட்டை இருந்தால் டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். வெளியிலிருந்து பார்த்தால் காய்ந்து, சுத்தமாக இருக்கும். ஃபீட் பம்பைத் தாண்டிய பிறகுதான் அழுத்தும் பக்கம். அங்கே ஓட்டை இருந்தால் சொட்டும். சொட்டுகிற இடத்தைச் சரிசெய்துவிட்டு, மறுநாள் காலை மறுபடி வண்டி கிளம்பாமல் தலையில் கை வைப்பவர்கள் உண்டு. காய்ந்த இடத்தைச் சந்தேகப்படத் தெரிவதுதான் அனுபவம்.

அதற்கு ஒர்க்‌ஷாப்புகளில் ஒரு குறுக்குவழி உண்டு. ஐந்து லிட்டர் கேனில் நல்ல டீசலை ஊற்றி பானட்டுக்கு மேலே வைத்து, டேங்க்கிலிருந்து வரும் குழாயைக் கழற்றிவிட்டு, கேனிலிருந்து ஒரு ஹோஸை நேராக ஃபீட் பம்புக்குக் கொடுப்பார்கள். வண்டி நன்றாக ஓடினால் கோளாறு கேனுக்கு அந்தப் பக்கம்: டேங்க், அதனுள் இருக்கும் சல்லடை, குழாய். ஓடவில்லை என்றால் இந்தப் பக்கம்: ஃபீட் பம்ப், ஃபில்டர், மைக்கோ, நாசில். ஒரே சோதனையில் பாதி வண்டி நிரபராதியாகிவிடும். ஆயிரம் வரி கோடில் பிழை தேடும்போது நாங்களும் இதைத்தான் செய்கிறோம், பாதியில் வெட்டி எந்தப் பாதி என்று பார்ப்பது. நான் இதற்கு நான்கு வருஷம் காலேஜில் படித்தேன். கேன் வைக்கிறவர் எஞ்சின் சத்தத்தில் படித்தார்.

நாசில் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்துவதும் அப்படித்தான். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, தளர்த்தியதும் சத்தம் மாறினால் அந்த சிலிண்டர் வேலை செய்கிறது. மாறவில்லை என்றால் அதுதான் சோம்பேறி. (பீய்ச்சும் டீசலுக்கு முன்னால் கையைக் காட்டக் கூடாது. அது தோலைக் குத்திக்கொண்டு உள்ளே போகும்.) கழற்றிய தாமிர வாஷர்களை அடுப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டு இளக்கி மறுபடி போடுவார்கள். அழுத்தத்தில் இறுகிப்போன தாமிரம் சூட்டில் மறுபடி மென்மையாகிறது. உலோகவியல் வகுப்பில் இதற்குத் தனிப் பாடம் உண்டு.

சீசன் நேரத்தில் தண்ணீர் தனியாக ஒரு தலைவலி. பாதி காலியாக நிற்கும் டேங்க் ஈரக்காற்றை உள்ளே இழுக்கும். இரவுக் குளிரில் அது உள்சுவரில் வியர்த்து அடியில் இறங்கும். தண்ணீரும் டீசலும் சேரும் விளிம்பில் பூஞ்சையும் பாக்டீரியாவும் வளர்ந்து கறுப்புக் கூழாகி ஃபில்டரை அடைக்கும். அதனால்தான் “நிறுத்தப் போறியா? டேங்க்க ரொப்பிட்டு நிறுத்து” என்பார்கள். தடுப்பு அதுதான்.

பார்க்க முடியாத கோளாறு

2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு போனது; விலை வித்தியாசமும் சுருங்கியது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 வந்தது. புது டீசல் வண்டிகளில் கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் காமன் ரெயில். பழைய நாசில் நூற்றுச் சொச்சம் பார் அழுத்தத்தில் திறந்தது என்றால் இதற்குள் ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரம் பார். நட்டைத் தளர்த்திப் பார்க்கும் வித்தை இங்கே தற்கொலைக்குச் சமம். ஸ்கேனர் வேண்டும், அதைப் படிக்க ஆள் வேண்டும், பல நேரம் கம்பெனியின் அனுமதியும் வேண்டும்.

பழையது பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். பூஜோ எஞ்சின் கக்கிய கரும்புகையைச் சுவாசித்தது அந்தப் பஜார்களில் கடை போட்டிருந்தவர்களின் நுரையீரல். புது எஞ்சின் அவர்களுக்குச் செய்தது நிஜமான உதவி. ஆனால் அந்தக் கொடுக்கல் வாங்கலில் ஒரு பொருள் கணக்கில் எழுதப்படவே இல்லை. ஆரியங்காவு ஏற்றத்தில் நின்றுபோன வண்டியை, நின்ற இடத்திலேயே, ஒரு ஸ்பேனரும் கேனும் வைத்துப் புரிந்துகொள்ள முடியும் என்ற நிலை. காற்றைச் சுத்தமாக்கும் எஞ்சினுக்கும், பூட்டிவைத்த எஞ்சினுக்கும் தொடர்பு இருந்தே ஆக வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை. எழுதிவைக்காத அறிவு என்பதால் அது போனதும் யாருக்கும் தெரியவில்லை.

முழுக்கப் போய்விடவும் இல்லை. இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ஏ.சி. பம்பின் ரப்பர் டயஃப்ரம் இதற்காகச் செய்யப்படவில்லை. ஊறும், விறைக்கும், கிழியும். எத்தனால் பழைய டேங்க்கின் படிவுகளைக் கரைத்துக் கிளப்பிவிடும். தண்ணீரையும் முதலில் தன்னோடு கரைத்துக்கொள்ளும். ஓர் அளவைத் தாண்டியதும் மொத்தமாகப் பிரிந்து தண்ணீரோடு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். முத்து முத்தாக முன்கூட்டியே எச்சரித்த கண்ணாடிக் கிண்ணம், கடைசி நிமிஷம் வரை தெளிவாகவே இருக்கும்.

இதற்கும் ஒரு சோதனை இருக்கிறது. அளவுக்கோடு போட்ட பாட்டிலில் நூறு மில்லி பெட்ரோல், பத்து மில்லி தண்ணீர். குலுக்கி வைத்தால், எத்தனால் பெட்ரோலை விட்டுத் தண்ணீரோடு சேர்ந்துகொள்ளும். அடியில் நிற்கும் அடுக்கு பத்திலிருந்து ஏறக்குறைய முப்பதுக்கு உயரும். கூடுதலாக ஏறியதுதான் எத்தனால். பாட்டில் காலி சர்பத் பாட்டிலாக இருந்தாலும் போதும், பார்ப்பதற்குக் கண் இருக்க வேண்டும்.